மல்லேசுவரத்தில் மார்கழி

பெங்களூர் குளிர்ந்த ஊர் என்பது தமிழ்நாட்டில் பள்ளிச் சிறுவனும் அறிந்த செய்தி. ஆனால் இவ்வூரில் இரண்டாண்டு தங்கிப் பட்டம் பெற்றுத் திரும்பும் நம் மாணவர் ஒருவரிடம், “அங்கே குளிர்காலம் எப்படி?” என்று கேட்டுப் பாருங்கள். “போர்வை இரண்டு வேண்டும்” என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இராது. விடுதி, ஆய்வுக்கூடம், உணவுக்கூடம் என்னும் முக்கோணத்துக்குள்ளேயே அவருடைய இரண்டு குளிர்காலங்களும் கழிந்திருக்கும். பொங்கலுக்கு ஊர் போக இரயிலில் இடம் பதிவு செய்யும் நாளைத் தவிர, அந்த மாதங்களில் அவர் காலண்டரைப் பார்த்திருக்கவும் மாட்டார்.

இஃது ஓர் இழப்பு என்பது என் கருத்து. விருதுநகர்ச் சீமையின் வெயிலில் வளர்ந்தவன் நான். இவ்வூரில் இஃது எனக்கு இரண்டாவது மார்கழி. உலகின் குளிர் நாடுகளில் குளிர்காலம் வந்தால் கதவு அடைபடும். மக்கள் அடுப்பங்கரையைத் தேடி உள்ளே போவர். பெங்களூரிலோ குளிர்காலம் கதவைத் திறந்து விடுகிறது. இங்கு அதன் இன்பம் வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளும் அன்று. என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று அறிந்து கொண்டு நடந்தாற் போதும். நம் விடுதிகளிலிருந்து நடைதூரத்தில் உள்ள மல்லேசுவரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

இக்குளிர் எங்கிருந்து வருகிறது?

சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் உள்ளன. இரண்டு ஊரின் மீதும் ஒரே சூரியன் ஒரே சாய்வில் காய்கிறது. அங்ஙனமிருக்க, சென்னையில் மின்விசிறி சுழலும் ஜனவரி இரவில் இங்கு நாம் போர்வைக்குள் சுருண்டு கொள்வதேன்?

விடை உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், ஒரு பீடபூமியின் முதுகில் அமர்ந்திருக்கிறது. தரையிலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்று, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வீதம் குளிர்கிறது. 920 மீட்டருக்குக் கணக்கிட்டால் ஆறு டிகிரி வரும். ஜனவரி மாதத்து இரவுகளில் சென்னையின் சராசரிக் குறைந்த வெப்பம் 21 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கிறது. பெங்களூரில் 16 அளவில். கணக்கும் வெப்பமானியும் ஏறக்குறைய ஒத்துப் போவதைப் பாருங்கள்.

அடுத்த காரணம் கடல். சென்னைக்குக் கடல் ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டி; பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல மெல்லத் திருப்பித் தருவது. நமக்கு இரு பக்கத்துக் கடல்களும் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மழைக்காலம் ஓய்ந்த பின் வானம் தெளிகிறது. காற்றில் நீராவி குறைகிறது. முகிலும் நீராவியும் பூமிக்குப் போர்வை போன்றவை. அப்போர்வை விலகிய இரவில், நிலம் பகலில் பெற்ற வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி எறிந்துவிடுகிறது. மறுநாள் பகலில் அதே தெளிந்த வானத்தின் வழியே வெயில் தடையின்றி இறங்கி, வெப்பத்தை 27, 28 டிகிரி வரை உயர்த்துகிறது. ஒரே நாளில் பன்னிரண்டு டிகிரி ஏற்ற இறக்கம்! காலையில் கம்பளிச் சட்டை, நண்பகலில் மெல்லிய சட்டை, மாலையில் மீண்டும் கம்பளி என்று இவ்வூரார் மாற்றி மாற்றி அணிவது இதனாலேயே.

இவ்வூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 7.8 டிகிரி, 1884 ஜனவரி 13ஆம் நாள் பதிவானது. அதன் பிறகு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் நகரம் அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆதலின் இக்குளிரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நீர் உறையாது, பனிக்கட்டி பெய்யாது. வெளியே நிற்கத் தூண்டும் அளவுக்கு மட்டுமே குளிரும் குளிர் இது. இதன் சிறப்பெல்லாம் அந்த அளவில்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு விந்தை. பூமி சூரியனுக்கு மிக அருகில் செல்வது ஜனவரி முதல் வாரத்தில். அதாவது நாம் நடுங்கும் நாட்களில்தான் நெருப்புக்கு மிக அண்மையில் இருக்கிறோம். குளிரை முடிவு செய்வது தொலைவன்று, கதிர் விழும் சாய்வு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டா.

அலமாரியில் ஒரு வெப்பமானி

குளிர்காலம் வந்துவிட்டதா என்று அறிய வானிலை நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் அலமாரியில் உள்ள தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவில் உறையத் தொடங்கும். சென்னை விடுதியில் அது பெரும்பாலும் நீராகவே இருக்கும். இங்கு நவம்பரில் ஒரு காலை, புட்டியின் அடியில் வெண்மை படியும். டிசம்பரில் முழுதும் உறைந்து மெழுகாகிவிடும். அப்போது விடுதி ஜன்னல்களில் கிழக்கு வெயிலை நோக்கிப் புட்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். முதலாண்டுத் தம்பி தங்கையர் எண்ணெய் கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டா. உறைந்ததும் உருகியதும் ஒரே எண்ணெய்தான்.

வெளியே அறை எடுத்துத் தாமே சமைத்துக் கொள்ளும் நண்பர்களுக்கு இன்னொரு வெப்பமானி உண்டு: இட்லி மாவு. மாவைப் புளிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றின் பெருக்கம் வெப்பத்தைப் பொறுத்தது. ஊரில் அம்மா இரவு கரைத்து வைத்தால் விடியலில் பாத்திரம் பொங்கி வழியும். இங்கு அதே மாவு காலையில் வைத்த மட்டத்திலேயே உறங்கிக் கொண்டிருக்கும். கம்பளித் துணியால் பாத்திரத்தைச் சுற்றி வைப்பதும், சற்று முன்னதாகவே கரைத்து வைப்பதும் இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். கம்பளி மாவுக்கு வெப்பத்தைத் தருவதில்லை; உள்ள வெப்பம் ஓடாமல் காக்கிறது. நாம் அணியும் கம்பளியும் செய்வது அவ்வளவே.

விடியற்காலை

இரவின் கடுங்குளிர் நள்ளிரவில் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது சூரிய உதயத்தை ஒட்டிய நேரத்தில். நிலம் இரவு முழுதும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது; சூரியன் வந்து ஈடு செய்யும் வரை அக்கணக்கில் செலவேயன்றி வரவில்லை. ஆகவே குளிரின் முழுச் சுவையை அறிய விரும்புவோர் விடியலில் எழுந்து புறப்பட வேண்டும்.

எழுவதற்கு ஒரு சலுகையும் உண்டு. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 என்பதை அறிவோம். ஆனால் இவ்வூரில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது அன்றன்று. ஜனவரியின் பிற்பகுதியில், 6-45 மணி அளவில். அதேபோல் மிக விரைவில் மறைவதும் டிசம்பரில் அன்று, நவம்பரின் பிற்பகுதியில். பூமி சூரியனை அணுகி விரைந்தோடும் இக்காலத்தில், ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகலுக்கு இருபத்து நான்கு மணிக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகிறது. அதனால் உதயம், நண்பகல், மறைவு எல்லாமே கடிகாரத்தில் நாளுக்கு நாள் சற்றுத் தள்ளிப் போகின்றன. மார்கழியில் மாலை வெளிச்சம் நீள்வதும் காலை இருள் நீள்வதும் ஒருங்கே நிகழ்வது இவ்வாறுதான்.

விடியலில் சாங்கி ஏரிக்கரைக்கு வாருங்கள். 1882இல் கர்னல் ரிச்சர்டு சாங்கி என்னும் பொறியாளர் அமைத்த ஏரி இது. நீர்ப்பரப்பிலிருந்து ஆவி எழுந்து மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். நிலத்தைவிட நீர் மெதுவாகக் குளிர்கிறது. விடியலில் நீர் வெதுவெதுப்பு, மேலுள்ள காற்றோ சில்லிப்பு. நீரிலிருந்து எழும் ஆவி அக்குளிர் காற்றில் பட்டவுடன் நுண்துளிகளாகிறது. காப்பிக் குவளையின் மேல் நாள்தோறும் காணும் காட்சியின் பேருருவமே இது.

நிற்கும் இடத்தில் செவியையும் தீட்டிக் கொள்ளுங்கள். பகலில் கேளாத யஷ்வந்தபுரத்து இரயிலின் ஊதல் இப்போது பக்கத்துத் தெருவில் கேட்பது போலக் கேட்கும். தெருவின் அமைதி ஒரு காரணம், மற்றொன்று பௌதிகம். தெளிந்த குளிர் இரவின் முடிவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஒலி வெப்பக் காற்றில் விரைந்தும் குளிர் காற்றில் மெதுவாகவும் செல்வது. ஆகவே மேல்நோக்கிச் செல்லும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே திரும்புகிறது; நெடுந்தொலைவு கேட்கிறது. கோயில் மணியும், பள்ளிவாசல் பாங்கும், மாதாகோயில் மணியும் மார்கழி விடியலில் தெளிந்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே அமைப்புக்கு ஒரு தீமையும் உண்டு. மேலே வெப்பக் காற்று மூடியாக அமர்ந்துவிட்டால், கீழே எழும் புகை மேலே செல்லாது. சருகைக் கொளுத்தும் புகையும் வண்டிகளின் புகையும் தெருவிலேயே படிந்து நிற்கும். ஆஸ்துமா உடையவர்களுக்கு இம்மாதங்கள் துன்பம் தருவது இதனால்தான். பனிமூட்டம் என்று நாம் வியந்து நோக்குவது எல்லாம் பனியன்று. சருகைக் கொளுத்தாமல் மக்க விடுவது குளிர்கால விடியலுக்கு நாம் செய்யக்கூடிய சிறு தொண்டு.

திரும்பி வரும்போது தலையைக் குனிந்து நடங்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் நெட்டுயர்ந்த மரமல்லியின் நீண்ட வெண்பூக்கள் நடைபாதையில் சிதறிக் கிடக்கும். கன்னடத்தில் இதனை ஆகாச மல்லிகெ என்கின்றனர். இரவில் மலர்ந்து மணம் பரப்பி விடியலில் உதிரும் பூ. குளிரில் சற்றுத் தேங்கி நிற்கும் அதன் மணத்துக்குள் புகுந்து வெளிவருவது, ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் செல்வது போன்றது.

கடைத்தெருவும் சொற்களும்

மல்லேசுவரத்தின் எட்டாவது கிராஸ் கடைத்தெருவில் டிசம்பரும் ஜனவரியும் அவரையின் ஆட்சி. நாம் மொச்சை என்று சொல்லும் காயே இங்கு அவரெகாய். பகற்பொழுது குறுகும்போது பூக்கும் செடி அது. அதனால் நாட்டு வகைகள் பனிக்காலத்தில்தான் காய்த்துக் குலுங்கும். காயின் தோலில் பிசுபிசுப்பான ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. அதன் மணத்தைக் கன்னடர் ‘சொகடு’ என்பர். நல்ல காயை வாங்கத் தெரிந்தவர்கள் கண்ணால் பார்ப்பதோடு நில்லார். கையில் அள்ளி முகர்ந்தும் பார்ப்பார்கள்.

இக்காயின் விதையை ஊறவைத்து, விரலால் பிதுக்கித் தோலை நீக்கிச் சமைக்கும் பருப்புக்கு இங்கு ‘ஹிதுகபேளே’ என்று பெயர். வேலூர், தருமபுரிப் பக்கத்து நண்பர்கள் இதைக் கேட்டவுடன் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டில் அது பிதுக்குப் பருப்பு! பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற ‘ப’ பிற்காலத்தில் ‘ஹ’ ஆயிற்று. பால் ஹாலு ஆனது. புலி ஹுலி ஆனது. பூ ஹூவு ஆனது. பத்து ஹத்து ஆனது. பிதுக்கு, ஹிதுகு ஆனதும் இவ்விதியால்தான். இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால் கடைத்தெருவில் பாதிக் கன்னடம் புரிந்துவிடும்.

குளிர்காலச் சொற்களையே பாருங்கள். நமக்குப் பனி, அவர்களுக்கு ஹனி என்றால் துளி, இப்பனி என்றால் புல்நுனியில் நிற்கும் பனித்துளி. நம் பழஞ்செய்யுளில் முகிலுக்கு மஞ்சு என்று பெயர். இங்கு மூடுபனிக்கு அதே பெயர். “சளி, சளி” என்று காய்காரம்மா முனகினால் அவருக்கு மூக்கடைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கன்னடத்தில் சளி என்றால் குளிர். குளிரையும் அதனால் வரும் நோயையும் இரு மொழிகள் ஒரே சொல்லால் பங்கிட்டுக் கொண்டன.

“அக்கா, எஷ்டு?” என்று விலை கேட்டால் போதும், பூக்காரம்மா நம் ஊர்ப் பூக்காரியைப் போலவே முழங்கையால் அளந்து, ‘மொள’த்துக்கு விலை சொல்வார். நாம் தட்டுத் தடுமாறிப் பேசும் இரண்டு சொல்லுக்கு அவர் நகைப்பார். பிறகு தாமே தமிழில் பேசத் தொடங்கிவிடுவார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதற்காக நாம் கன்னடம் கற்காமல் இருப்பது நேர்மையன்று. கற்பதற்கு அவரைவிட நல்ல ஆசிரியரும் இல்லை.

வெயிலும் காப்பியும்

நம் நாட்டில் நிழலைத் தேடுவது இயல்பு. இங்குக் குளிர்காலத்தில் முதியோர் வெயிலைத் தேடி நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருப்பர். காலையில் வாசலின் இடப்பக்கம், பத்து மணிக்கு நடுவில், பிறகு திண்ணையோரம். டிசம்பர் நண்பகலிலும் சூரியன் தொடுவானுக்கு மேல் 53 டிகிரிக்குச் சற்று அதிகமாகவே நிற்கிறது. அதனால் இவ்வெயில் சுடுவதில்லை. ஆனால் எலும்பு வரை செல்கிறது. புத்தகத்தை எடுத்துக் கொண்டு ஒரு பூங்காவின் பெஞ்சில் அமர்ந்து படித்துப் பாருங்கள். நூலகத்துக்குள் நடுங்கிக் கொண்டு படித்ததைவிட மிகுதியாகவே மனத்திற் பதியும்.

மாலை ஐந்து மணிக்குத் தர்சினிகளின் வாசலில் மக்கள் நின்றுகொண்டே காப்பி அருந்தும் காட்சி இவ்வூருக்கே உரியது. ஒரு காப்பியை இருவர் பகிர்ந்து கொள்ளும் ‘பைடூ’ முறை, மாணவர் பணப்பைக்கு ஏற்றது, நட்புக்கும் ஏற்றது. வெண்ணெய்த் தோசைக்குப் பெயர்பெற்ற கடைகளின் வாசலில் காத்து நிற்கும் கூட்டத்தில், பேராசிரியரும் ஆட்டோ ஓட்டுநரும் தோளோடு தோள் நிற்பார்கள். குளிர் அவர்களை நெருங்கி நிற்கச் செய்கிறது. காத்திருத்தல் பேசச் செய்கிறது. அருகே குறுக்குத் தெருவில் சிறுவர்கள் வலையின்றியே பூப்பந்து ஆடிக் கொண்டிருப்பர். 1980இல் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்ற பிரகாஷ் படுகோன் பயின்றதும் இதே மல்லேசுவரத்தின் ஒரு திருமண மண்டபத்தில்தான்.

தெருவின் மரங்களும் தாமாக அமைந்தவை அல்ல. 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கடி மிகுந்த பழைய பேட்டைக்கு வெளியே, காற்றும் வெளிச்சமும் வேண்டி அகன்ற தெருக்களோடு உருவானவையே மல்லேசுவரமும் பசவனகுடியும். பின்னர் லால்பாகின் பொறுப்பேற்ற கிரும்பீகல் என்னும் ஜெர்மானியத் தோட்டக்கலை அறிஞர், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் மற்றொன்று பூக்கும்படி பருவந்தோறும் மலரும் மரங்களைத் தெருக்களுக்குத் தேர்ந்தார். சாவுக்கு அஞ்சி அமைத்த தெருக்கள் வாழ்வின் இன்பத்துக்கு இடமாயின.

அவ்வின்பத்தை அறிந்த தமிழர் ஒருவரை நாம் மறக்கலாகாது. திருவானைக்காவில் பிறந்த சர். சி. வி. இராமன், 1933இல் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இவ்வூருக்கு வந்தார். 1970 நவம்பரில் மறையும் வரை இவ்வூரை விட்டு அகலவில்லை. மல்லேசுவரத்தில் ‘பஞ்சவடி’ என்னும் இல்லம் அவருடையது. நோபெல் பரிசு பெற்ற அப்பெரியார் தம் முதுமையில் ஆராய்ந்த பொருள் என்ன தெரியுமா? பூக்களின் நிறம். தோட்டத்தில் பூத்திருக்கும் மலரே ஆய்வுக்குப் போதிய பொருள் என்று அவர் கண்டார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கால் வைத்தால் காலம் வீணாகும் என்று எண்ணும் நம் நண்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

குளிர்காலத்தின் நாட்கள்

மல்லேசுவரத்தை விட்டுச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டிய நாட்கள் சில உண்டு. கன்னடர் கார்த்திகை மாதத்தின் இறுதித் திங்கட்கிழமை, பசவனகுடியின் பெரிய நந்தி கோயிலருகே கடலெகாய் பரிஷெ என்னும் நிலக்கடலைத் திருவிழா நடைபெறுகிறது. பயிரை மேய்ந்த காளைக்கு முதல் விளைச்சலைத் தருவதாக உழவர்கள் வேண்டிக்கொண்டனர் என்பது கதை. நம் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. அவர்களுடையது சந்திரனைப் பின்பற்றுவது. ஆதலின் நாளைக் கன்னடப் பஞ்சாங்கத்தில் பார்த்துக் கொள்ள வேண்டும். கோலார்ப் பக்கத்திலிருந்தும் நம் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து குவியும் கடலையின் நடுவே, வறுத்த சூட்டோடு ஒரு பொட்டலம் வாங்கி உரித்துக்கொண்டே நடப்பது குளிருக்கு நல்ல மருந்து.

மகர சங்கராந்தி மாலையில் கவிபுரத்துக் கங்காதரேசுவரர் குகைக்கோயிலில், சூரியனின் ஒளி வெளியே உள்ள நந்தியின் கொம்புகளுக்கு இடையே புகுந்து இலிங்கத்தின் மீது விழுகிறது. அன்று அங்கே கூட்டம் அலைமோதும். அறிவியல் மாணவருக்கு ஒரு குறிப்பு: சூரியன் தெற்கே இறங்கும்போது ஒரு முறையும் வடக்கே திரும்பும்போது ஒரு முறையும் வானில் அதே நிலைக்கு வருகிறான். ஆகவே அக்காட்சி நவம்பர் இறுதியிலும் நிகழும். அப்போது நெருக்கடி இராது.

சங்கராந்தியன்று எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை ஐந்தையும் கலந்து, கரும்புத் துண்டோடு அண்டை வீடுகளுக்கு வழங்குவது இங்குள்ள வழக்கம். எண்ணெய்ச் சத்து மிகுந்த அக்கலவை வறண்ட குளிருக்கு ஏற்ற உணவு. அதைத் தரும்போது, எள்ளும் வெல்லமும் உண்டு நல்ல பேச்சே பேசுங்கள் என்று வாழ்த்துவார்கள். பொங்கலுக்கு ஊர் செல்ல இயலாத நம்மவர், சர்க்கரைப் பொங்கல் ஒரு கிண்ணம் கொடுத்து இதை வாங்கிக் கொள்ளலாம்.

இரவில் மாடிக்கு ஏறிக் கிழக்கே பாருங்கள். நகர விளக்குகளையும் மீறி, ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றின் அருகே செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. மார்கழி மாதத்து முழுநிலா அதன் பக்கத்தில் நிற்பதாலேயே திருவாதிரைத் திருநாள் மார்கழியில் வருகிறது. அந்த வானத்தைக் காண்பதற்கும் கட்டணம் இல்லை.

நாம் யார் இவ்வூரில்?

இவ்வளவும் வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் கருதக்கூடும். அன்று என்பதற்கு ஒரு காரணம் சொல்லி முடிக்கிறேன்.

1809இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தபோது, சென்னைப் படையோடு தமிழர் பலர் வந்து அல்சூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறினர். அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர் பலர். இத்தனை தலைமுறைக்குப் பின்னும் 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியான மறுநாள், இதே குளிர்காலத் தெருக்களில் தமிழர் மீது வன்முறை பாய்ந்தது. உயிர்கள் போயின, பலர் ஊரை விட்டு ஓடினர். 2016 செப்டம்பரில் மீண்டும் தீ எரிந்தது. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவிய வள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டில்தான் திறப்பு விழாக் கண்டது. அதே மாதத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது.

சிலைகளைத் திறப்பது அரசுகளின் வேலை. தெருவில் முகம் அறிமுகமாவது நம் வேலை. பெயர் தெரியாத கூட்டத்தின் மீது எறிவது போல, நாள்தோறும் அவரெகாய் வாங்கும் பையன் மீது கல்லெறியக் கை எளிதில் எழாது. அதுபோலவே, நமக்கு மூட்டுவலிக்கு மருந்து சொன்ன எதிர்வீட்டு அஜ்ஜியின் மொழியை இகழ நமக்கும் நா எழாது. விடுதிக்குள்ளேயே நமக்குள் தமிழ் பேசி, நமக்குள் உண்டு, நமக்குள் விழா எடுத்து வாழ்ந்தால், நாம் இவ்வூரில் எத்தனை ஆண்டு இருந்தாலும் வாடகைக்கு இருப்பவர்களே. அண்டை அயலார் ஆவதற்குத் தெருவில் நின்றாக வேண்டும். அங்ஙனம் நிற்பதற்கு இயற்கை ஆண்டுதோறும் மூன்று மாதங்களை ஒதுக்கித் தந்திருக்கிறது.

தெருவில் நிற்கும்போது இன்னொன்றும் கண்ணிற் படும். நமக்கு இன்பமான அந்த விடியலில், கையில் துடைப்பத்தோடு பௌரகார்மிகர்கள் தெருவைக் கூட்டிக் கொண்டிருப்பார்கள். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் தகரக் கொட்டகையில் குழந்தைகளோடு உறங்கியிருக்கும். தகரம் வெப்பத்தை எவ்வளவு விரைவில் வானுக்கு வீசிவிடும் என்பதை நாம் படித்திருக்கிறோம். அவர்கள் உடலால் அறிவார்கள். ஊருக்குத் திரும்பும் மூத்த மாணவர்கள் அறையில் விட்டுச் செல்லும் கம்பளிகளை நம் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் நவம்பருக்குள் திரட்டி, இம்மக்களுக்குச் சேர்ப்பிக்கலாம் என்று இங்கு முன்மொழிகிறேன்.

ஆகவே நண்பர்களே, நாளை விடியலில் போர்வையை உதறுங்கள். ஏரிக்கரைக்கு ஒரு முறை, எட்டாவது கிராசுக்கு ஒரு முறை, மாலையில் பைடூ காப்பிக்கு ஒரு முறை வெளியே வாருங்கள். எதிர்ப்படும் காய்காரம்மாவிடம், “அக்கா, பஹள சளி!” என்று சொல்லுங்கள். மிகுந்த குளிர் என்பது அதன் பொருள். அவர் என்ன மறுமொழி சொல்கிறார் என்பதை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.